ஆவணி முகூர்த்தமும் 11 மணி நேர ரெண்டரும்

செங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுப்பவனுக்கு ஆடி முழுக்க ஓய்வு. ஆவணி பிறந்தால் தூக்கம் கிடையாது. மலைக்கு இந்தப் பக்கம் ஆவணி பிறக்கும்போதுதான் அந்தப் பக்கம் கேரளத்தில் சிங்ஙம் மாதம் பிறக்கிறது. ஆடியில் சுபகாரியம் வைக்காமல் காத்திருந்த தென்காசி, கடையநல்லூர்க்காரர்களும், கர்க்கடகம் கழியட்டும் என்று இருந்த ஆரியங்காவு, தென்மலை, புனலூர்க்காரர்களும் ஒரே சமயத்தில் தேதி கேட்டு வருவார்கள்.

போன ஆவணியில் பன்னிரண்டு நாளுக்குள் ஐந்து கல்யாணம் ஒப்புக்கொண்டேன். எடுப்பது சிரமமில்லை, கூட இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். எடிட்டிங்கும் பழகிய வேலைதான். மாட்டிக்கொண்டது கடைசிப் படியில், ரெண்டரில்; அதாவது எடிட் செய்ததைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, ஓடக்கூடிய ஃபைலாக வெளியே எடுப்பதில். 2 மணி 50 நிமிடப் படம் வெளியே வர 11 மணி நேரம் ஆனது. ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தால் காலை ஏழு மணிக்கு முடியும். அதைப் பார்த்துவிட்டுப் பெண் வீட்டார், "அண்ணாச்சி, எங்க பெரியத்தை பேரு தப்பா வந்திருக்கு" என்று சொன்னால் இன்னொரு ராத்திரி போய்விடும்.

அப்படி ஒரு ராத்திரி, மூன்று மணி வாக்கில் கரண்ட் போனது. யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கியது, அதற்கு மேல் முடியவில்லை. காலையில் வந்து பார்த்தால் பல ஜிபிக்கு ஒரு எம்பி4 ஃபைல் கிடக்கிறது, எந்த பிளேயரிலும் திறக்கவில்லை. ஏழு மணி நேர வேலை அது. அன்றைக்கே முடிவு செய்தேன்: அடுத்த முகூர்த்தத்துக்குள் இந்த நேரத்தைக் குறைத்தாக வேண்டும், ஆனால் படத்தின் தரம் வீட்டுக்காரர்கள் கண்ணுக்குக் குறையக் கூடாது. அதற்காக மூன்று வாரம் செய்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். என்னைப் போலச் சின்ன ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

மெஷின் பெரிதாக ஒன்றுமில்லை. இன்டெல் ஐ5 8400, ஆறு கோர். 16 ஜிபி ரேம். 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. எடிட்டிங் பிரீமியர் மென்பொருளில். கேமரா 4கே, வெளியே தருவது 1080.

முதலில் செய்தது தப்பு. பிட்ரேட்டை, அதாவது ஒரு விநாடிப் படத்துக்குச் செலவிடும் டேட்டாவின் அளவை, குறைத்தால் வேகமாக முடியும் என்று நினைத்து 16 எம்பிபிஎஸ்ஸை 10 ஆக்கினேன். நேரம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. தாலி கட்டும்போது பூ தூவுகிற இடத்தில் மட்டும் படம் கலங்கிப் போனது. அது ஏன் என்று பிறகுதான் புரிந்தது. பிட்ரேட் என்பது எவ்வளவு இடத்தில் அடைக்க வேண்டும் என்ற கணக்கு. எப்படி அடைக்கலாம் என்று தேடுவதில்தான் என்கோடரின், அதாவது படத்தைச் சுருக்கி ஃபைலாக எழுதும் மென்பொருளின், நேரம் போகிறது. பெட்டி சின்னதாக இருந்தாலும் பெரிதாக இருந்தாலும் தேடுகிற வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதற்கப்புறம் முழுப் படத்தையும் வைத்துச் சோதிப்பதை விட்டுவிட்டேன். டைம்லைனில் முகூர்த்தப் பகுதியிலிருந்து ஐந்து நிமிடத்தை மட்டும் தனியாக வைத்துக்கொண்டேன். பழைய செட்டிங்கில் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பத்தொன்பதரை நிமிடம் ஆனது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

ரெண்டர் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்தேன். முன்பே செய்திருக்க வேண்டியது இது. சிபியு 60 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு நூறில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கல்யாணப் பந்தியில் சாம்பார்காரர் வாளியும் கரண்டியுமாகத் தயாராக நிற்பார், சாதம் இன்னும் இலைக்கு வந்திருக்காது. அவரைப் போய் "சீக்கிரம் ஊத்துங்க" என்று அவசரப்படுத்தி என்ன பயன்? என் என்கோடரும் அப்படித்தான் காத்துக்கொண்டு நின்றது. சுருக்க வேண்டிய ஃபிரேமே, அதாவது வீடியோவின் தனித்தனிப் படமே, அதன் கைக்கு வந்து சேரவில்லை. அந்த நிலையில் என்கோடர் செட்டிங்கை எப்படித் திருகினாலும் நேரம் குறையாது.

அதே சமயம் சூட்டையும் பார்த்தேன். சிபியு 97, 98 டிகிரி. ஐ5 8400 ஆறு கோரும் ஓடும்போது 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், என்னுடையது 2.5-க்கு இறங்கியிருந்தது. சூடு 100 டிகிரியை நெருங்கினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேபினெட்டைத் திறந்தால், ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் தூசி பஞ்சுபோல அடைத்திருந்தது. சாரல் காலத்தில் எங்கள் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அந்தத் தூசி காய்வதும் இல்லை, பறப்பதும் இல்லை, அப்பிக்கொள்கிறது. விசிறியைக் கழற்றி, பிரஷ்ஷால் தள்ளி, புளோயர் அடித்து எடுத்தேன். காய்ந்து வெடித்துப்போயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவுக்குப் புதிதாக வைத்தேன். சூடு 74-க்கு வந்தது. ஐந்து நிமிடத்துக்கு இப்போது 18 நிமிடம். ஒன்றரை நிமிடம்தானா என்று தோன்றியது. ஆனால் சிபியு முழு வேகத்தில் ஓட வேண்டிய கட்டம் பின்னால் வந்தபோது இந்தச் சுத்தம்தான் கை கொடுத்தது.

அடுத்தது டூ பாஸ். யாரோ எப்போதோ "டூ பாஸ்தான் குவாலிட்டி" என்று சொன்னதை நம்பி வருடக்கணக்காக அதையே போட்டு வந்தேன். டூ பாஸ் எதற்கு என்றால், ஃபைல் இவ்வளவு சைஸில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இருந்தால் மட்டும்தான். டிவிடிக்கு 4.7 ஜிபிக்குள் அடக்க வேண்டியிருந்த காலத்தில் அது அவசியம். முதல் ஓட்டத்தில் எந்தக் காட்சி கடினம் என்று பார்த்துக்கொண்டு, இரண்டாவது ஓட்டத்தில் அதற்கேற்ப இடத்தைப் பங்கிடும். என் டைம்லைனில் இருக்கிற கலர், டைட்டில், எஃபெக்ட் எல்லாவற்றையும் அது இரண்டு தடவை கணக்குப் போடுகிறது. பெண்டிரைவில் தருகிற படத்துக்கு 9 ஜிபியா 10 ஜிபியா என்று யாரும் கேட்பதில்லை. ஒரே பாஸுக்கு மாற்றினேன். கூடவே, அதிகபட்ச ரெண்டர் தரம் என்ற டிக்கையும் எடுத்தேன். அது 4கேயை 1080-க்குச் சுருக்கும் முறையைத்தான் பாதிக்கும், கிராஃபிக்ஸ் கார்டு ஓடும்போது அந்த வேலையை அதுவே நல்லபடியாகச் செய்துவிடுகிறது. மாற்றியதும் ஒன்பதரை நிமிடம். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை.

பெரிய கொள்ளை நடந்த இடம் இனிமேல்தான். நாய்ஸ் எடுக்கிற பிளகின். மாப்பிள்ளை அழைப்பு ராத்திரியில் எடுப்பது. ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறனை ஏற்றித்தான் எடுக்க முடியும், புள்ளி புள்ளியாக வரும்; அதுதான் நாய்ஸ். அதற்காக, கீழே இருக்கிற கிளிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து எஃபெக்ட் போடும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் பிளகினைப் போட்டு, அதைப் படம் முழுக்க இழுத்து விட்டிருந்தேன். பகல் வெளிச்சத்தில் எடுத்த முகூர்த்தத்துக்கும் அது ஓடுகிறது, எடுப்பதற்கு நாய்ஸே இல்லாத இடத்திலும் கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு ஃபிரேமையும் முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அது; கார்டு நூறில் முட்டியதற்குக் காரணம் இதுதான். மொத்தப் படத்தில் உண்மையாகவே நாய்ஸ் எடுக்க வேண்டிய காட்சி 18 நிமிடம்தான் இருந்தது. அந்த கிளிப்புகளை மட்டும் தனியாக ஒரு தடவை ரெண்டர் போட்டு, வந்த ஃபைலை டைம்லைனில் அதே இடத்தில் வைத்துவிட்டு, லேயரைத் தூக்கிவிட்டேன். ஐந்து நிமிடத் துண்டுக்கு இப்போது 4 நிமிடம்.

ஒன்று சொல்ல வேண்டும். நாய்ஸ் எடுப்பதே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்த ஃபிரேம் எப்படி வரும் என்று ஊகித்துத்தான் என்கோடர் இடத்தை மிச்சப்படுத்துகிறது. நாய்ஸ் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறு இடத்தில் துள்ளும், ஊகிக்க முடியாது. அதனால் இருட்டுக் காட்சியில் பாதி பிட்டுகள் புள்ளிகளைக் காப்பாற்றவே செலவாகி, முகத்துக்கு மிச்சம் இல்லாமல் போகும். தேவையான இடத்தில் எடுக்கத்தான் வேண்டும். லேசான நாய்ஸ் என்றால், வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளிலேயே எச்க்யூடிஎன்3டி என்ற ஃபில்டர் இருக்கிறது, அது எடுக்கிற நேரம் கணக்கிலேயே வராது. அதே பட்டியலில் இருக்கிற என்எல்மீன்ஸ் நன்றாக எடுக்கும், ஆனால் மிகவும் மெதுவானது. பின்னால் சொல்லப்போகிற 90 விநாடிச் சோதனைத் துண்டில் முதலாவது 3 விநாடி கூட்டியது. இரண்டாவது 24 விநாடி வேலையை மூன்று நிமிடத்துக்கு மேல் இழுத்தது.

இந்தக் கட்டத்தில் வேலை முறையையே மாற்றினேன். பிரீமியரிலிருந்து நேராக டிவிக்கான ஃபைலை எடுப்பதை நிறுத்திவிட்டு, டிஎன்எக்ஸ்எச்டி 120 என்ற வடிவத்தில் ஒரு மாஸ்டர் எடுக்கிறேன். மணிக்கு 54 ஜிபி பிடிக்கும். பெரிதுதான், வேலை முடிந்ததும் அழித்துவிடுகிறேன். கலர், டைட்டில், மிக்ஸிங் எல்லாம் ஒரே தடவை கணக்குப் போட்டு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு டிவிக்கு ஒன்று, யூடியூபுக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று என்று எத்தனை பிரதி எடுத்தாலும் மாஸ்டரிலிருந்துதான். இதில் இன்னொரு நன்மை: என்கோடரை என் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம். நான் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக், அதற்குள் இருக்கிற எக்ஸ்264 என்ற என்கோடர். இரண்டும் இலவசம்.

சாதம் இலைக்கு வந்துவிட்டது, இனி சாம்பார்காரரைக் கவனிக்கலாம். எக்ஸ்264-இல் தரத்துக்கு ஒரு எண், வேகத்துக்கு ஒரு பெயர். தர எண்ணை சிஆர்எஃப் என்பார்கள், ஹேண்ட்பிரேக்கில் ஆர்எஃப். 0 முதல் 51 வரை; எண் குறைந்தால் தரம் கூடும். ஆறு படி இறக்கினால் ஃபைல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எக்ஸ்264 தானாக வைத்துக்கொள்வது 23. 1080 படத்துக்கு 20 முதல் 24 வரை என்று ஹேண்ட்பிரேக்காரர்கள் சொல்கிறார்கள். வேகப் பெயர்கள் அல்ட்ராஃபாஸ்ட்டில் தொடங்கி சூப்பர்ஃபாஸ்ட், வெரிஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்ட், மீடியம், ஸ்லோ, ஸ்லோயர், வெரிஸ்லோ, பிளாசிபோ என்று போகும். இந்தத் தொழிலில் மூத்த ஒருவர் சொன்னதால் நான் முதலில் வைத்தது ஸ்லோயர்.

இதைச் சோதிக்க 90 விநாடித் துண்டு ஒன்று செய்தேன். எல்லாம் என்கோடரைத் திணறடிக்கிற காட்சிகள். இந்தத் துண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது இல்லாமல் எந்த முடிவும் எடுத்திருக்க முடியாது. முதலில் மணப்பெண்ணின் அரக்குப் பட்டு. முந்தானைச் சரிகையில் மயில் கட்டம், அவள் நடக்கும்போது ஒவ்வொரு இழையும் மின்னி மின்னி அணையும். அடுத்து ஆரியங்காவில் எடுத்த கல்யாணம், கசவு சேலை. கசவு சுலபம் என்று முன்பெல்லாம் நினைத்திருந்தேன். சந்தன வெள்ளையில் ஓரத்தில் மட்டும் தங்கக் கரை, அதில் என்ன விவரம் இருக்கிறது என்று. ஆனால் பட்டுச் சேலையில் தெரியாத குறை கசவில்தான் தெரிகிறது. தோளிலிருந்து இடுப்பு வரை மெல்ல மெல்ல மங்கும் வெள்ளையில், என்கோடர் சோம்பினால் நிழல் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். மூன்றாவது மாப்பிள்ளை அழைப்பு: கறுப்பு வானம், சீரியல் லைட், நடுவில் வெடி. நான்காவது ஹோமப் புகை. கடைசியாகக் குற்றாலம் மெயினருவிக்கு முன்னால் புதுமணத் தம்பதி நிற்பது. அருவியில் ஒரு சொட்டுகூட முந்தின ஃபிரேமில் இருந்த இடத்தில் இருக்காது. என்கோடருக்கு அதைவிடப் பெரிய பரீட்சை எங்கள் ஊர்ப்பக்கம் கிடையாது.

சிஆர்எஃப் 20-இல் வைத்து வேகத்தை மட்டும் மாற்றினேன். ஸ்லோயருக்கு 1 நிமிடம் 54 விநாடி. ஸ்லோ 61 விநாடி, மீடியம் 36, ஃபாஸ்டர் 24, வெரிஃபாஸ்ட் 17. சூப்பர்ஃபாஸ்ட் இன்னும் குறைவு, ஆனால் அருவி பால் கொட்டினது போல ஆகிவிட்டது, ஓட்டம் தெரியவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. வெரிஃபாஸ்ட் வரை இறங்கும்போது எத்தனை பழைய ஃபிரேம்களைப் பார்ப்பது, எவ்வளவு நுணுக்கமாகத் தேடுவது என்பதில்தான் கை வைக்கிறார்கள். சூப்பர்ஃபாஸ்ட்டில் முன்கூட்டிப் பார்த்துப் பிட்டுகளைப் பங்கிடும் வேலையையே நிறுத்திவிடுகிறார்கள். அல்ட்ராஃபாஸ்ட்டில் கட்டங்களின் ஓரத்தை மழுப்பும் ஃபில்டர்கூட இருக்காது. வெரிஃபாஸ்ட்டுக்கும் சூப்பர்ஃபாஸ்ட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்டக் கூடாது என்பது என் முடிவு.

விஎம்ஏஎஃப் என்று ஒரு அளவுகோல் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. மூலப் படத்தையும் என்கோட் செய்ததையும் கொடுத்தால், கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நூற்றுக்கு மார்க் போடும். ஸ்லோயருக்கும் ஃபாஸ்டருக்கும் நடுவில் என் துண்டில் ஒரு மார்க்கூட வித்தியாசம் வரவில்லை. ஆனால் அது சராசரி. மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்து, கறுப்பு வானத்தில் மட்டும் நாலு விநாடி கட்டம் கட்டமாகத் தெரிந்தால் சராசரியில் அது அமுங்கிப் போகும். வீட்டில் படம் பார்ப்பவர்கள் அந்த நாலு விநாடியைத்தான் சொல்வார்கள். அதனால் கடைசித் தீர்ப்பைக் கண்ணிடம் விட்டேன். மானிட்டரில் அரை அடி தூரத்தில் குனிந்து பார்ப்பதை விட்டுவிட்டு, ஹாலில் இருக்கிற 43 அங்குல டிவியில், சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற தூரத்தில்.

எது எந்த செட்டிங் என்று சொல்லாமல் மனைவியிடம் நான்கைக் காட்டினேன். பட்டு, கசவு, புகை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை அழைப்பு வந்ததும், "ஏங்க, இந்த மூணாவதுல வானம் தாயக்கட்டம் மாதிரி இருக்கே" என்றாள். மூன்றாவது வெரிஃபாஸ்ட். கிட்டப் போய்ப் பார்த்தேன். வெடியின் வெளிச்சம் அடங்கும்போது கறுப்பு வானம் சதுரம் சதுரமாகப் பிரிந்து, அந்தச் சதுரங்கள் ஒரு விநாடிக்கு ஒரு தடவை இடம் மாறின. திரும்ப ஃபாஸ்டரைப் போட்டேன். அதிலும் இருந்தது, நன்றாக உற்றுப் பார்த்தால். ஸ்லோயரிலும் கொஞ்சம் இருந்தது! ஆக, நேரத்தைக் கொட்டிக் கொடுத்தும் அந்தக் குறை தீரவில்லை.

இதற்கு மருந்து வேகத்தில் இல்லை. எக்ஸ்264-இல் ஏக்யூ மோட் என்று ஒன்று உண்டு. ஒரு ஃபிரேமுக்குள் எந்தப் பகுதிக்கு எவ்வளவு பிட் என்று பங்கிடுவது அது. தானாக 1-இல் இருக்கும். 3 என்று வைத்தால் இருட்டான பகுதிக்குக் கூடுதலாகக் கொடுக்கும். ஹேண்ட்பிரேக்கில் கூடுதல் விருப்பங்களுக்கான பெட்டியில் ஏக்யூ மோட் என்பதற்கு நேராக 3 என்று எழுதினால் போதும். ஃபாஸ்டர், சிஆர்எஃப் 19, ஏக்யூ மோட் 3. வானம் ஒரே கறுப்பாக நின்றது. கசவு சேலையின் நிழலில் இருந்த பட்டையும் மட்டுப்பட்டது. ஃபைல் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே பெரிதானது, நேரம் கூடவில்லை. அன்றிலிருந்து இதுதான் என் செட்டிங்.

கிராஃபிக்ஸ் கார்டிலேயே என்கோட் செய்யலாமே என்று தம்பி கேட்டான். என்விடியா கார்டின் சில்லில் என்கோடுக்கென்றே என்வென்க் என்ற தனிப் பகுதி 2012-லிருந்தே இருக்கிறது; இன்டெல்லில் அதற்கு ஒரு வருடம் முன்பே குயிக் சிங்க் என்ற அதே மாதிரிப் பகுதி வந்துவிட்டது. போட்டுப் பார்த்தோம், 90 விநாடித் துண்டு 9 விநாடியில் முடிந்தது. அதே சைஸில் வைத்துப் பார்த்தால் அருவியும் சரிகையும் எக்ஸ்264 அளவுக்கு இல்லை. சைஸை மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் டிவியில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் யூடியூபுக்கு ஏற்றுகிற பிரதியும், வீட்டார் திருத்தம் சொல்லப் பார்க்கிற பிரதியும் இப்போது என்வென்க்தான். யூடியூப் எப்படியும் நாம் கொடுப்பதைத் தன் பங்குக்கு மறுபடி என்கோட் செய்யும். அங்கே கொடுப்பதை ஸ்லோயரில் செதுக்குவது வீண். பிட்ரேட்டைத் தாராளமாகக் கொடுத்தால் போதும். கார்டு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: 2018-இல் என்விடியாவின் டூரிங் தலைமுறைக் கார்டுகளோடுதான் என்வென்க் நன்றாக மேம்பட்டது. ஆனால் முதலில் வந்த 1650 கார்டில் பழைய என்வென்க்தான் இருந்தது. 1650 சூப்பரில் புதியது. பெட்டியில் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

எக்ஸ்264 எழுதும் எச்264 வடிவத்துக்கு அடுத்து வந்த எச்265-ஐயும் முயன்றேன். ஃபைல் சிறிதாகிறது, என் சிபியுவில் நேரம் மூன்று மடங்கு ஆகிறது, பழைய டிவிகளில் ஓடுவதில்லை. விட்டுவிட்டேன்.

இனி அந்தக் கரண்ட் பிரச்சினை. எம்பி4 ஃபைலில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாக வேலை எல்லாம் முடிந்த பிறகு எழுதப்படும். நடுவில் நின்றால் அட்டவணை இல்லை, அதனால்தான் அன்று திறக்கவில்லை. எம்கேவி என்ற இன்னொரு ஃபைல் வடிவம் அப்படியல்ல, நின்ற இடம் வரை ஓடும். நான் இப்போது எம்கேவியாக என்கோட் செய்து, முடிந்ததும் எஃப்எஃப்எம்பெக் என்ற, கட்டளை எழுதி ஓட்டும் மென்பொருளில் எம்பி4-க்கு மாற்றுகிறேன். மறுபடி என்கோட் கிடையாது. உள்ளே இருப்பதை அப்படியே எடுத்து வேறு உறையில் போடுவதுதான், டிஸ்க் வேகத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்று, படத்தை ஒரே நீளமாக எடுப்பதில்லை. நிச்சயம், நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு, அருவி என்று ஆறு துண்டு. மாஸ்டரும் துண்டு துண்டாக, என்கோடும் துண்டு துண்டாக. செட்டிங் எல்லாத் துண்டுக்கும் ஒன்றாக இருந்தால் எஃப்எஃப்எம்பெக் அவற்றை மறு என்கோட் இல்லாமல் ஒட்டிக் கொடுக்கும். பெரியத்தை பேர் தப்பென்றால் நலங்கை மட்டும் மறுபடி போட்டால் போதும். பெண்டிரைவுக்கும் இது வசதி. பல பழைய டிவிகள் ஃபேட்32 வடிவத்தில் ஃபார்மட் செய்த பெண்டிரைவைத்தான் படிக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. துண்டாகவே கொடுத்தால் பிரச்சினை இல்லை.

இதைப் பழகும்போது ஒரு பிழை செய்தேன், அதைச் சொல்லாமல் விட்டால் யாராவது அதே குழியில் விழுவார்கள். ராத்திரி வரிசையாக ஓடட்டும் என்று ஹேண்ட்பிரேக்கை விட்டு எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். காலையில் ஆறு ஃபைலும் தயார், கம்ப்யூட்டரில் விஎல்சியில் அழகாக ஓடின. பெண்டிரைவை எடுத்துக்கொண்டு தம்பி எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு செக்போஸ்ட் தாண்டிப் புனலூர் வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தான். சாயங்காலம் பெண்ணின் அப்பாவிடமிருந்து போன்: "சத்தம் நல்லா கேக்கு, படம்தான் வரல்ல. எங்க டிவிதான் கேடாயிப்போச்சான்னு அடுத்த வீட்லயும் போட்டுப் பார்த்தோம்." சொந்தபந்தம் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாராம். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தன் டிவி மேல் சந்தேகப்பட்டதுதான் மனதை அறுத்தது.

காரணம் இதுதான். டிஎன்எக்ஸ்எச்டி மாஸ்டரில் நிறம் 4:2:2 அளவில் இருக்கும்; நிற விவரம் எவ்வளவு வைத்திருக்கிறது என்பதற்கான குறி அது, 4:2:0 என்றால் அதில் பாதி. எதுவும் சொல்லாவிட்டால் எக்ஸ்264 அதையே பின்பற்றி 4:2:2-ஆக எழுதிவிடும். வீட்டு டிவிகளின் சில்லுக்குப் பெரும்பாலும் 4:2:0 மட்டும்தான் தெரியும். ஹேண்ட்பிரேக் இதைத் தானாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது, ஸ்கிரிப்டில் நான்தான் சொல்லவில்லை. பிக்செல் வடிவம் ஒய்யூவி420பி என்று ஒரு சொல் சேர்த்ததும் சரியானது. மறுநாள் நானே நேரில் கொண்டுபோய், அவர்கள் டிவியில் செருகி, தாலி கட்டுகிற காட்சி ஓடுவதைப் பார்த்த பிறகுதான் கிளம்பினேன். இப்போது ஸ்டுடியோவில் ஒரு பழைய 32 அங்குல டிவி வாங்கி வைத்திருக்கிறேன். எந்தப் பெண்டிரைவும் அதில் ஓடிக் காட்டாமல் வாசலைத் தாண்டாது.

என்கோடே தேவைப்படாத வேலைகளும் இருக்கின்றன. புளியரைப் பக்கம் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு எடுத்தோம். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை, ஏழு மணி நேரம். ஒரே கேமரா, ஒரே கோணம். கோயில்காரர்கள் கேட்டது வெட்டி ஒட்டிய படம் அல்ல, முழுப்பாட்டு. முன்பு அதையும் டைம்லைனில் போட்டு ஒரு நாள் முழுக்க ரெண்டர் விடுவேன். இந்தத் தடவை கேமரா பிரித்துப் பிரித்து எழுதிய ஃபைல்களை அப்படியே ஒட்டி, முன்னும் பின்னும் வேண்டாததை, மறு என்கோட் இல்லாமல் வெட்டும் லாஸ்லெஸ்கட் மென்பொருளில் நறுக்கினேன். இதில் கீஃபிரேம், அதாவது மற்ற ஃபிரேமைச் சாராமல் முழுதாகப் பதிவான ஃபிரேம், இருக்கிற இடத்தில்தான் சுத்தமாக வெட்ட முடியும். என் கேமராவில் அரை விநாடிக்கு ஒன்று வருகிறது, வில்லுப்பாட்டுக்கு அது போதும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது. கேமரா எடுத்த தரம் ஒரு துளிகூடக் குறையவில்லை, ஏனென்றால் யாரும் அதைத் தொடவே இல்லை.

இந்த ஆவணிக் கணக்கு: அதே நீளப் படம், 2 மணி 50 நிமிடம். மாஸ்டர் எடுக்க 2 மணி 15 நிமிடம், ஆறு துண்டும் எக்ஸ்264-இல் போக 45 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் மூன்று மணி நேரம். மெஷின் அதே பழைய மெஷின்தான். செலவு தெர்மல் பேஸ்ட்டுக்கும் அந்தப் பழைய டிவிக்கும் மட்டும். போன வாரம் தென்மலையிலிருந்து சாயங்காலம் ஆறரைக்கு ஒரு போன். வரவேற்பில் தாத்தா பேத்தியை ஆசீர்வதிக்கிற இடம் விட்டுப்போயிருக்கிறது, அவர் நாளைக் காலை ரயிலில் ஊருக்குப் போகிறார், அதற்குள் பார்க்க முடியுமா என்று. கிளிப்பைத் தேடி எடுத்து, வரவேற்புத் துண்டில் சேர்த்து, மாஸ்டர் எடுத்து, என்கோட் போட்டு, பழைய டிவியில் ஓட்டிப் பார்த்துத் தம்பி கையில் கொடுத்தபோது மணி எட்டரை.